தொண்டையில் எலும்பு

அந்தத் தெருவில் அவளுக்கு வாலக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவள் முன்னே நடந்தால் பின்னால் நாலைந்து வால்கள் ஆடிக்கொண்டு வரும். அதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பேர் அது. ஆரம்பத்தில் கேலிதான். போகப்போக, கரண்ட் பில் கட்டுகிற வரிசையில்கூட "வாலக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மரியாதையாகவே சொல்லும் அளவுக்கு நிலைத்துவிட்டது.

பிழைப்புக்குத் தையல் கடை. புதுத் துணி தைக்கிற பவிசெல்லாம் கிடையாது. இடுப்பு பெருத்தவர்களுக்கு பேண்டைப் பிரித்து விடுவது, பல் போன ஜிப்பை மாற்றுவது, மூத்தவன் சட்டையை இளையவனுக்குச் சின்னதாக்குவது. ஊரார் தொப்பை வளரும் வரை தனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் அவள் புருஷனின் பைக் ரிப்பேர் கடை. மெக்கானிக் அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவதால் மிச்சம் இருப்பதில்லை என்று அவர் பக்கத்து நியாயம்.

நாய் பூனை விஷயத்தில் அவள் ஆரம்பத்தில் செய்ததைச் சேவை என்று சொன்னால் அந்த வார்த்தைக்கே கோபம் வரும். பாசம் பொங்கி வழிந்ததே தவிர விவரம் கிடையாது. ஒரு தடவை பூனைக்குட்டிக்கு உடம்பு கொதிக்கிறது என்று மனுஷர் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துவிட்டாள். அந்த மாத்திரை பூனைக்கு விஷம் என்பது, குட்டி கண்ணெதிரே துடித்துச் செத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் இருந்த கால்நடை டாக்டர் அவளைவிட வயதில் சின்னப் பெண். திட்டவில்லை. "பாசம் வேற, வைத்தியம் வேற அக்கா. பாசத்தை நீங்க வெச்சுக்கோங்க, வைத்தியத்தை என்கிட்ட குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டாளிகள். பிடிப்பது, கூண்டில் ஏற்றுவது, ஆபரேஷன் முடிந்ததை வைத்துப் பார்த்துக்கொள்வது, தின்றதா கழிந்ததா என்று சொல்வது வாலக்கா வேலை. மற்றதெல்லாம் டாக்டர் வேலை. தெருவில் அவள் சோறு வைக்கிற அத்தனை நாய்க்கும் ஊசி போட்டு, கருத்தடையும் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டியாகிவிட்டது. டாக்டர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள்: தெரியாத மிருகத்தைத் தொடுவதற்கு முன்னால் போன். கூடவே, நாய்களோடு புழங்குகிறவர்கள் வெறிநோய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நச்சரித்து, வாலக்காவைக் கையோடு அழைத்துப்போய்ப் போடவும் வைத்தாள். மெக்கானிக்கையும் கூப்பிட்டாள். அவர் ஸ்பானரைக் கீழே வைக்காமலே மறுத்துவிட்டார். நாயைத் தொடுகிறவள் போட்டுக்கொள்ளட்டும், நான் நட்டு போல்ட்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த நாய் வந்தது ஒரு வெயில் நேரத்தில். மெக்கானிக் கடைக்குப் பின்னால் பழைய டயர்கள் அடுக்கியிருக்கும் சந்தில், செம்பட்டை நிறத்தில், நன்றாக வளர்ந்த ஆண் நாய். காதில் வெட்டு இல்லை, ஊருக்குப் புதுசு. வாய் திறந்தபடி இருந்தது. எச்சில் கயிறு கயிறாகத் தரையைத் தொட்டது. வாலக்கா தட்டில் தண்ணீர் வைத்தாள். அது முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு நக்கப் பார்த்தது, ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. குரைக்கப் போனால் கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். போன வருஷம் ஒரு கறுப்பு நாய் இதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு திரிந்தது. மேல் அண்ணத்தில் குறுக்காக எலும்பு மாட்டியிருந்தது. டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டு, கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துப் போட்டுவிட்டாள். அதை அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தவள். பார்த்த வைத்தியம் பாதி வைத்தியர் ஆக்கிவிடும் என்கிற கர்வம் யாரைத்தான் விட்டது.

சட்டப்படி போன் செய்தாள். டாக்டர் ஆபரேஷனில் இருப்பதாகவும், வெளியே வந்ததும் பேசச் சொல்வதாகவும் ஆஸ்பத்திரிப் பெண் சொன்னாள். நாய் ஓங்கரித்தது, கழுத்தை நீட்டியது, மறுபடி ஓங்கரித்தது. தொடும் முன் போன் செய் என்றுதானே டாக்டர் சொன்னாள், செய்தாயிற்றே, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில் என்றா சொன்னாள் என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாய் தானாகவே வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அவள் உருகிப்போனாள்.

தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு வாய்க்குள் தடவிப் பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் விரல்களும் குட்டை. புருஷனைக் கூப்பிட்டாள். அவர் விரல்கள் நீளம். எஞ்சினுக்குள் விழுந்த வாஷரை இடுக்கி இல்லாமல் எடுத்துவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு உண்டு. அவர் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். அவள் கெஞ்சினாள். ஒரு உயிர் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். அந்த வார்த்தையைப் பிற்பாடு அவள் நினைக்காத நாளில்லை.

கையுறையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அதைப் போட்டா விரலுக்குக் கண்ணு தெரியாது. நீ தலையைப் பிடி."

வேலை செய்கிற முறையே அவருக்கு அதுதான். கண்ணுக்கு எட்டாத இடத்தில் விரல்தான் பார்க்க வேண்டும். அவள் தலையைப் பிடித்தாள். அவர் வெறுங்கையை நாயின் வாய்க்குள் விட்டு, அண்ணம், கடைவாய், நாக்கின் அடி என்று ஒவ்வொன்றாகத் தடவி, தொண்டைக் குழிவரை போய்வந்தார். நாய் கடிக்கவில்லை, முனகக்கூட இல்லை. அதன் தாடை அவர் கையில் கழன்ற மூடி போலத் தொங்கியது. எலும்பு ஒன்றும் இல்லை என்றார். கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு, பாதியில் விட்டுவந்த வண்டிக்குத் திரும்பிப் போனார்.

அவள் நாயைக் கூண்டில் ஏற்றி ஆட்டோவில் டாக்டரிடம் கொண்டுபோனாள். வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் எலும்பு இன்னும் உள்ளே இறங்கியிருக்கும், எக்ஸ்ரே எடுத்தால் தெரியும் என்று விளக்கம் வேறு. ஆபரேஷனை முடித்துவிட்டு வெளியே வந்த டாக்டர் கூண்டைப் பார்த்தாள். பார்த்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். அவளுடைய சிரித்த முகம் அப்படி மாறி வாலக்கா பார்த்ததில்லை.

"முன்னங்காலால வாயைப் பிராண்டுச்சா அக்கா?"

வாலக்கா யோசித்தாள். எலும்பு மாட்டிய கறுப்பு நாய் ரத்தம் வரும்வரை வாயைப் பிராண்டியது. இது ஒரு தடவைகூடக் காலைத் தூக்கவில்லை. இல்லை என்றாள்.

எலும்பு மாட்டியிருந்தால் அநேகமாகப் பிராண்டும் என்று டாக்டர் சொன்னாள். இது தாடை செயலிழந்து போனது, விழுங்கவும் முடியவில்லை, வெறிநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"வெறியா? இது பச்சப்புள்ள மாதிரி என் மடியில தலை வெச்சு படுத்துக்கிச்சு டாக்டர். வெறி புடிச்சா கடிச்சுக் குதறாதா?"

"எல்லாம் குதறாது. சிலது இப்படித்தான், சத்தமில்லாம ஒரு மூலையில உக்காந்துக்கும். வெறின்னு பேரு வெச்சவங்க பாதி நோயைத்தான் பாத்திருக்காங்க. சொல்லுங்க, வாய்க்குள்ள கையை விட்டது யாரு?"

தான் கையுறை போட்டிருந்தது, ஊசி போட்டிருந்தது எல்லாம் ஒரு நொடியில் வாலக்காவின் நினைவுக்கு வந்தது. தனக்கு ஒன்றும் ஆகாது. அந்த எண்ணமே அவளைக் குத்தியது. "அவரு" என்றாள்.

டாக்டர் பதறவில்லை, ஆனால் வேகமாகப் பேசினாள். வாலக்காவை அங்கேயே கை கழுவ வைத்தாள். உடனே போய் அவர் கையைச் சோப்பு போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, போதும் போதும் என்று அவர் சொன்னாலும் நிறுத்தாமல் கழுவ வேண்டும். பிறகு நேரே பெரிய ஆஸ்பத்திரி. மெக்கானிக் கையில் காயம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், சுத்தமாகக் கழுவிவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். காயம் இருந்தால் தோளில் போடுகிற ஊசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளேயே இன்னொரு மருந்து போட்டாக வேண்டும்.

புருஷனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறி மறுபடி மறுபடி அடித்தாள். வண்டியை முறுக்கிப் பார்க்கிற சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்காது என்பது தெரியும், தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தாள். சிக்னலில் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. போகும்போது எக்ஸ்ரே பற்றிப் பாடம் கேட்ட அதே ஆட்டோக்காரர், இப்போது ஒரு வார்த்தை கேட்காமல் சந்து சந்தாக வண்டியைத் திருப்பினார்.

கடைக்குள் நுழைந்தபோது மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகிற அதே கை. டிபன் பாத்திரம் பாதி காலியாகியிருந்தது.

அவள் ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சோறு சுவரெல்லாம் தெறித்தது. அவர் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரைத் தொட்டுத் தள்ளியதுகூடக் கிடையாது. சாப்பிடும் முன் கை கழுவினீங்களா என்று கேட்டாள். தண்ணியில அலசினேன் என்றார். சோப்பு? அவர் இல்லை என்று தலையாட்டினார். குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்பைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். வாயையும் கொப்பளிக்கச் சொன்னாள். கடிக்கவே இல்லையே என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எச்சில் போதுமாம், எச்சில் போதுமாம் என்று அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கடி ஊசி போடுகிற அறைக்கு வெளியே நீள பெஞ்சு. உள்ளே இருந்த டாக்டர் இளைஞர், களைத்துப் போயிருந்தார். கடித்ததா? இல்லை. பிராண்டியதா? இல்லை. கையில் காயம் ஏதாவது? மெக்கானிக் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை இல்லைதான். அப்படியானால் தோளில் போடுகிற ஊசியே போதும் என்று டாக்டர் சொன்னார்.

வாலக்கா நகரவில்லை. "டாக்டர், இது மெக்கானிக் கை. இதுல காயம் இருக்கா இல்லையான்னு அவருக்கே தெரியாது. இன்னொரு தடவை கழுவிப் பாத்துடுங்க."

நர்ஸ் முகத்தைச் சுளித்தபடிதான் கூட்டிப்போனாள். பல வருஷத்து கிரீஸ், ரேகையெல்லாம் அடைத்துக் கறுத்துப் போயிருந்தது. குழாயடியில் சோப்பு நுரை கறுப்பாக ஓடியது, பிறகு சாம்பலாக, பிறகு வெள்ளையாக. வெளுக்க வெளுக்க, உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாக மேலே வந்தன. கட்டை விரலின் அடியில் கிளட்ச் ஒயர் கிழித்த கோடு. சுட்டுவிரல் நுனியில் ஒரு வெடிப்பு. நகத்தோரம் பிய்ந்து சிவந்திருந்த சதை. வாலக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த விரல்தான் நாக்கின் அடிவரை போனது.

மெக்கானிக் தன் கையை யாரோ இரவல் கொடுத்த கையைப்போலப் பார்த்தார். நர்ஸின் முகச்சுளிப்பு போய்விட்டது. டாக்டரை வேகமாகக் கூப்பிட்டாள்.

விரல் நுனியில் ஊசி போட இடம் ஏது. வெடிப்புக்குள் ஊசியை இறக்கி மருந்தைச் செலுத்தினார்கள். விரல் வீங்கி வெளுத்தது. அடுத்து நகத்தோரம், அடுத்து கட்டை விரல். அவர் சத்தம் போடவில்லை, செருப்புக்குள் கால் விரல்கள் சுருண்டு சுருண்டு விரிந்தன. அவருடைய இடது கையை அவள் பிடித்திருந்தாள். தன் பங்குக்கு அவளுக்கும் தோளில் ஒரு ஊசி போட்டார்கள். முன்பே போட்டிருந்ததால் இன்னொன்றோடு முடிந்துவிடும் என்றார்கள். அவருக்கு அப்படி இல்லை, வரிசையாக இன்னும் வர வேண்டும்.

நாய் மறுநாள் டாக்டரின் தனியறையில் செத்தது. தலையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். வெறிநோய்தான் என்று முடிவு வந்தது. டாக்டர் அதை ஒளிக்காமல் சொன்னாள். சரியான நேரத்தில், சரியான ஊசி போட்டாயிற்று, பயப்படத் தேவையில்லை என்றும் சொன்னாள். நோய் வந்துவிட்டால் என்று வாலக்கா கேட்டாள். வந்துவிட்டால் மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னாள். அது வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகலாம் என்பதையும், மனுஷருக்குத் தண்ணீர் விழுங்க முடியாமல் போவது அதன் அடையாளங்களில் ஒன்று என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

தெருவில் சலசலப்பு எழுந்தது. எல்லா நாயையும் அடித்துப் போடு என்று சிலர் கிளம்பினார்கள். டாக்டர் ஆட்களோடு வந்து, செம்பட்டை நாய் சுற்றிய தெருக்களில் காது வெட்டு இல்லாத ஒவ்வொரு நாயையும் வலை போட்டுப் பிடித்து ஊசி போட்டாள், ஏற்கனவே போட்டவற்றுக்கும் மறுபடி போட்டாள். வாலக்காவும் கூடவே போனாள். நீளக் கழி, கூண்டு, கையுறை, டாக்டர் தலையசைக்கும்வரை பத்தடி தள்ளி. முன்பு அவள் மிருகங்களிடம் பயந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு திறந்த வாயைப் பார்த்தாலும் பயம் வந்தது. பயந்துகொண்டேதான் வேலை பார்த்தாள்.

வீட்டில்தான் இன்னும் மோசம். புருஷன் டம்ளரை எடுத்தால் அவள் கண் அவர் தொண்டைக்குப் போய்விடும். குரல்வளை ஏறி இறங்கினால்தான் தன் கையில் இருப்பதைச் செய்வாள். ஒருநாள் சாப்பிடும்போது அவருக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. இருமினார், கண் சிவந்தது, தண்ணீர் மூக்கு வழியே வந்தது. வாலக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். யாரோ நினைக்கிறாங்க என்று அவர் தலையைத் தட்டிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து, முட்டியில் முகத்தை வைத்து, நான்தானே கூப்பிட்டேன், நான்தானே கூப்பிட்டேன் என்று அழுதாள். பேச்சு வராத மனுஷன், என்ன சொல்வார்.

அதற்குப் பிறகு அவர் பகலில் அடிக்கடி தையல் கடைக்கு வர ஆரம்பித்தார். ரோட்டைக் கடந்து வந்து, தண்ணி குடு என்பார். குடித்துவிட்டுப் போய்விடுவார். வெயில் காலம், தாகம் எடுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் குடிக்கும்போது திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்ள அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

கடைசி ஊசியும் போட்டு வெகுநாள் கழித்து, அவர் கடையை ஒட்டிப் பஞ்சர் ஒட்டுகிறவர் பேண்டைப் பிரித்து விடச் சொல்லி வந்தார். அளவு கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, எங்ககிட்ட பெரிய கேன்ல தண்ணி இருக்கு. உன் புருஷன் அதைத் தொடுறதே இல்ல. இங்க வந்துதான் குடிக்கிறாப்ல. வேலை தலைக்கு மேல கெடக்கும், வண்டியைப் பிரிச்சுப் போட்டுட்டு ரோட்டைக் கடப்பாப்ல. அப்படி என்னம்மா கலந்து வெச்சிருக்க உன் தண்ணியில?"

வாலக்காவின் கையில் இருந்த அளவு நாடா அப்படியே நின்றது. பஞ்சர்காரரின் இடுப்பளவை மறந்துவிட்டாள். பிற்பாடு திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் மெக்கானிக் வந்தார். தண்ணி கேட்டார். அவள் கொடுத்தாள். அவர் எப்போதும்போல வாசல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, அண்ணாந்து, அவசரப்படாமல் ஒவ்வொரு மடக்காகக் குடித்தார். இத்தனை நாளும் அவர் நின்ற இடத்தையும் திரும்பிய பக்கத்தையும் அவள் கவனிக்கவே இல்லை, தொண்டையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"அங்க கேன் இருக்காமே" என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே இறக்கவில்லை. "இருக்கு. அங்க குடிச்சா உன் கண்ணுக்குத் தெரியாதே" என்றார்.

டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. "முழுசாக் குடிங்க" என்றாள். அவர் குடித்தார். பயம் போகவில்லை, கடைசி மடக்கு இறங்கும்வரை அவள் இமைக்காமல் பார்த்தாள், இந்தத் தடவை ஒளிந்து பார்க்கவில்லை.